மணிக்கூடில்லாத மண்டபங்கள்

விடுமுறை என்றதும் நம்மவர் மனம் நுவரெலியாவுக்கோ திருக்கோணமலைக் கடற்கரைக்கோ ஓடும். பொருள் படைத்தோர் காசி, இராமேசுவரம் எனக் கடல் கடந்து செல்வர். பாலைநிலத்தை நாடி இன்பச் செலவு மேற்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. நம் இலக்கிய மரபிலும் அதற்கு இடமில்லை. பாலைக்குரிய ஒழுக்கம் பிரிதல் என முன்னோர் வகுத்தனர். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் இல்லாளைப் பிரிந்து நீரற்ற சுரத்தைக் கடப்பான். அன்றேல், பெற்றோர் அறியாது தலைவியை உடனழைத்துக்கொண்டு அதே சுரத்தின் வழியே செல்வான். பிரிவு ஒன்று, உடன்போக்கு மற்றொன்று. கணவனும் மனைவியும் கைப்பெட்டியுடன் மூன்று நாள் களித்திருக்கச் செல்லும் இடமாகப் பாலையைப் பாடிய புலவரை நான் அறியேன்.

ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நெவாடா மாநிலத்துப் பாலைவனத்தின் நடுவே அமைந்த லாஸ் வேகாஸ் நகருக்கு 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடியே 17 இலட்சம் பேர் சென்றனர். அவர்களுள் தம்பதிகள் மிகப் பலர். சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் கலிபோர்னியாவிலுள்ள உறவினரைக் காணச் சென்றிருந்த நானும் என் மனைவியும் அங்கிருந்து அந்நகருக்குப் போய் வந்தோம். சூதாடும் ஊரில் ஒரு வாத்தியாருக்கு என்ன வேலை என நண்பர் சிலர் வினவினர். ஐந்திணையைக் கற்பிப்பவன் ஒரு முறையேனும் பாலையைக் கண்ணாற் காண வேண்டாமா?

லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஏறத்தாழ 270 மைல். பஸ் வண்டி மலைகளைத் தாண்டி மொகாவி பாலைவனத்தில் இறங்கியதும் பசுமை ஒழிந்தது. சாம்பல் நிறப் புதர்களும், கைகளை உயர்த்தி நிற்கும் முள்மரங்களும், உப்புப் படிந்த வற்றிய ஏரிகளுமே கண்ணுக்குத் தென்பட்டன. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 4 அங்குலந்தான். 2024 யூலை 7ஆம் நாள் லாஸ் வேகாஸில் வெப்பம் 120 பாகை பரன்ஹைட்டை எட்டியது. அந்நகரில் அதுவரை பதிவானவற்றுள் அதுவே உச்சம். நாங்கள் இறங்கிய பகலில் அவ்வளவு இல்லை. இருந்தும் வண்டியின் கதவு திறந்தபோது அடுப்பங்கரைக் கதவைத் திறந்தாற்போன்று இருந்தது.

ஊரின் பெயர் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் எனப் பொருள்படும். பாலையில் புல் ஏது? ஒரு காலத்தில் இருந்தது. நிலத்தினடியிலிருந்து ஊறிய நீரால் அங்கே புல் வளர்ந்தது. தென் பைய்யூட் எனும் பழங்குடி மக்கள் அந்நீரை நம்பி வாழ்ந்தனர். 1905ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் தொடங்கிய ஏலத்தில் புகையிரதக் கம்பனியார் 110 ஏக்கர் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றனர். அந்த ஏலமே நகரத்தின் பிறப்பு. ஊற்றுகள் 1962இல் வற்றிப்போயின. பெயர் மட்டும் எஞ்சியது.

அந்த ஊரின் தலையெழுத்தை எழுதிய ஆண்டு 1931. உலகமெங்கும் பொருளாதார மந்தம் வாட்டிய வேளையில், அவ்வாண்டு மார்ச் 19ஆம் நாள் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டத்தால் அனுமதித்தது. அதே ஆண்டில் மற்றொரு சட்டமும் வந்தது. மணவிலக்கு வேண்டுவோர் அம்மாநிலத்தில் 3 மாதம் வசிக்க வேண்டும் என்றிருந்த விதி 6 வாரமாகக் குறைக்கப்பட்டது. பிற மாநிலங்களில் மணவிலக்குப் பெறுதல் மிக அரிதாயிருந்த காலம் அது. மனம் கசந்தவர்கள் நெவாடாவுக்கு வந்து, விடுதியில் 6 வாரம் தங்கி, தனியராய்த் திரும்பினர். திரைப்பட நடிகர் கிளார்க் கேபிளின் மனைவி 1939இல் லாஸ் வேகாஸில் அவ்வாறு தங்கி விலக்குப் பெற்றார். பத்திரிகைகள் அதனை எழுதித் தள்ளியதால் ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது. பாலைக்குரிய ஒழுக்கம் பிரிதல் என்றது எத்துணைப் பொருத்தம் பாருங்கள்.

உடன்போக்கும் அங்கே உண்டு. திருமண அனுமதிப் பத்திரம் வழங்கும் அலுவலகம் ஆண்டின் எல்லா நாட்களிலும் காலை 8 மணி தொடக்கம் நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. வயது வந்த இருவர் தம் அடையாளப் பத்திரத்தைக் காட்டி 102 டொலர் செலுத்தினால் அன்றே மணம் முடிக்கலாம், காத்திருக்க வேண்டுவதில்லை. சிறு சிறு கோயில்கள் தெருவோரத்தில் வரிசையாக உள்ளன. பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் போன்று வேடம் புனைந்த ஒருவரே திருமணத்தை நடத்திவைக்கும் இடங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றின் முன்னே நின்ற என் மனைவி, "இஞ்சை நாள் நட்சத்திரம் ஒண்டும் பாக்கிறேல்லையோ?" என்றாள். நான் நகைத்தேன். அப்போது கதவைத் திறந்துகொண்டு மணமக்கள் வெளியே வந்தனர். இருவருக்கும் எழுபது வயதிருக்கும். மணமகளின் கையில் மூன்று வெண்மலர்கள். உடன் வந்தோர் எவருமில்லை. தம்மைப் படமெடுத்துத் தருமாறு எம்மிடமே கேட்டனர். என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். அதன் பின்பு அந்தக் கோயில்களைப் பார்த்து எங்களுக்கு நகைப்பு வரவில்லை.

பேர்பெற்ற விடுதிகள் எல்லாம் நிற்கும் நெடுந்தெருவின் பெரும்பகுதி உண்மையில் லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள் இல்லை. நகரசபையின் வரியிலிருந்து தப்புவதற்காக அப்பகுதியை 1950இல் தனியூராக்கிக் கொண்டனர். அதற்கு இட்ட பெயர் சொர்க்கம் எனப் பொருள்படும் பரடைஸ். அந்தச் சொர்க்கத்தில் எகிப்தியப் பிரமிட்டு ஒன்று உண்டு. வெனிசு நகரின் வாய்க்காலும் படகும் உண்டு. பரிஸ் நகரத்து ஐபல் கோபுரம் 540 அடி உயரத்தில் அரைப்பங்கு அளவில் நிற்கிறது. இவற்றைக் கண்டு முகஞ்சுளிக்கும் கல்விமான்கள் பலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வெனிசுக்குப் போக வழியில்லாத ஒரு லொறிச் சாரதியும் அவர் மனைவியும் ஒரு மாலைப்பொழுது படகில் அமர்ந்து பாட்டுக் கேட்பதனால் எவருக்கு என்ன குறை? குறை அங்கன்று. அந்த வாய்க்காலுக்கும் நாம் தங்கும் அறைக்கும் இடையிலே உள்ள மண்டபத்தில் இருக்கிறது.

விடுதியில் எந்தத் திசைக்குச் செல்வதாயினும் கசினோ மண்டபத்தின் ஊடாகவே செல்லவேண்டும். அறைக்குப் போகும் மின்தூக்கி அதன் கோடியில், உணவகம் அதன் மறுகோடியில், வெளிவாயில் எங்கோ. பாதை நேராகவும் செல்லாது. பூவேலை செய்த கம்பளத்தின்மீது வளைந்து வளைந்து நடந்து, எந்தப் பொறியின் அருகே திரும்பினோம் என்பதை மறந்து, புறப்பட்ட இடத்துக்கே இருமுறை வந்து சேர்ந்தோம். சாளரம் இல்லை. பகலா, இரவா என்பது தெரியவில்லை. "இஞ்சாருங்கோ, இவ்வளவு பெரிய மண்டபத்திலை ஒரு மணிக்கூடு இல்லையே!" என்றாள் என் மனைவி. பாடசாலை மணியோசையில் வாழ்நாளைக் கழிக்கும் எனக்கு அது உடனே உறைத்தது. ஆடுவோருக்கு மது இலவசம்; பணிப்பெண்கள் தட்டேந்தி வலம் வருகின்றனர். ஆடாதோர் அமர ஆசனம் அரிது.

பஸ்ஸிலேயே எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. அதனைச் செய்தவள் அவளே. இரண்டு இருபது டொலர்த் தாள்களை ஒரு சிறிய பையில் இட்டு, "இது பாக்கிறதுக்கும் விளையாடுறதுக்கும். இதுக்கு மேலை ஒரு சதமும் இல்லை" என்றாள். அவளுக்கு ஆசை இருந்தது, மறைக்கவில்லை. கணவன் கணக்குச் சொல்லித் தடுப்பதும், மனைவி மறைவிற் செய்வதுமாய் இருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். மறைத்தலும் மாறியே இருக்கலாம். இருவரும் முன்னரே பேசித் தொகையை வரையறுத்துக்கொண்டால் அது நாடகம் பார்க்கக் கொடுக்கும் சீட்டுப்பணம் போன்றது.

ஸ்லொட் எனப்படும் சூதாட்டப் பொறி ஒன்றின்முன் அமர்ந்தாள். ஒரு முறை பொத்தானை அழுத்த ஒரு டொலர். முதற் பத்து நிமிடத்தில் சிறிது போயிற்று. பின்னர் திடீரெனப் பொறி முழுவதும் ஒளிர்ந்து, மணிகள் முழங்கி, இசை எழுந்தது. பக்கத்திலிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். பெருந்தொகை விழுந்தது என எண்ணிக் குனிந்து பார்த்தேன். நாற்பது சதம்! "ஒரு டொலரை விழுங்கிப்போட்டு நாப்பது சதத்தைத் துப்புது. அதுக்கேன் இந்தக் கலியாண மேளம்?" என்றாள்.

அந்த ஒரு வினாவில் அம்மண்டபத்தின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அறுபது சதம் இழந்தவனுக்கு வென்றவனுக்குரிய வாத்தியம் முழங்குகிறது. கண்ணும் காதும் வெற்றி என்கின்றன. பணப்பை மட்டுமே உண்மை அறியும். முக்கால் மணி நேரத்தில் 29 டொலர் செலவாயிற்று. மீதி 11 டொலருக்குப் பொறி ஒரு துண்டுச் சீட்டை நீட்டியது. இப்போது காசு கொட்டும் வழக்கமும் இல்லை; காசு கொட்டும் ஓசை மட்டும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. அவள் எழுந்துவிட்டாள்.

மாணவர்கள் நிகழ்தகவு எனப் படிக்கும் பாடத்தை ஈண்டு சற்று நினைவுகூரலாம். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும், சுழியமும், இரட்டைச் சுழியமும் ஆக 38 குழிகள் உண்டு. ஓர் எண்ணின்மீது ஒரு டொலர் வைத்து வென்றால் 35 டொலரும் வைத்த டொலரும் கிடைக்கும். 38 எண்களின்மீதும் ஒவ்வொரு டொலர் வைத்தால் 38 டொலர் கொடுத்து 36 டொலர் பெறுவோம். அந்த இரண்டு டொலரே மாளிகைகளைக் கட்டியது. நூற்றுக்கு 5 டொலர் 26 சதம். இது சிறு தொகை என எண்ணுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கொண்டுவந்த நூற்றுக்கு அன்று, வைக்கும் ஒவ்வொரு நூற்றுக்கும் இது கழிகிறது. தடவைக்கு 10 டொலராக மணிக்கு 40 தடவை ஆடுபவன் 400 டொலர் வைக்கிறான். சராசரியாக 21 டொலர் போகிறது. மண்டபத்தில் மணிக்கூடு ஏன் இல்லை என்பதற்கு விடை இதுவே. சூதாடுபவர் வருவோர் மட்டுமே. விடுதிக்காரர் சூதாடுவதில்லை, அவர் கணக்குப் பார்க்கிறார்.

பொறிகளைப் பற்றி நெவாடாவில் ஒரு விதி உண்டு. இடப்படும் பணத்தில் நூற்றுக்கு 75 பங்குக்குக் குறையாமல் நீண்ட ஓட்டத்தில் அவை திருப்பித் தரவேண்டும். இன்னொரு வியப்பு: சூதுக்குப் பேர்போன அம்மாநிலத்தில் அரசாங்க லொத்தர் இல்லை, அவர்களது அரசியலமைப்பே அதனைத் தடுக்கிறது. நம் நாட்டில் தேசிய லொத்தர் சபையை 1963இல் சட்டம் இயற்றி அமைத்தோம். பஸ் நிலையந்தோறும் சீட்டு விற்கிறோம். நெவாடாக்காரரைப் பார்த்து விரல் நீட்டுமுன் இதனையும் நினைத்துக்கொள்ளல் நன்று.

இரண்டாம் நாள் இரவு உறக்கம் வரவில்லை. நீர் வாங்குவதற்காக இருவரும் கீழே இறங்கினோம். மணி ஒன்றைக் கடந்திருந்தது. மண்டபத்தில் கூட்டம் குறையவில்லை. தூணருகே ஓர் அம்மையார், அறுபது வயது மதிக்கலாம், கைப்பையை மடியில் வைத்து இரு கைகளாலும் பற்றியபடி அமர்ந்திருந்தார். அவர் கணவர் சூது மேசையிலிருந்து வந்து ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். அம்மையார் பையைத் திறந்து கொடுத்தார். நாங்கள் நீர் வாங்கித் திரும்புகையில் மறுபடியும் அவர் வந்து கையை நீட்டினார். இம்முறை அம்மையார் பையைத் திறக்கவில்லை. மறுக்கவுமில்லை. முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கணவர் நீட்டிய கையுடன் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்பதை அறியேன். பார்த்துக்கொண்டு நிற்பது பண்பாகாது என மின்தூக்கிக்கு நடந்தோம். அறையை அடையும்வரை என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அந்த மனுசி விடியுமட்டும் அதிலைதான் இருக்கும்" என்றாள்.

எனக்கு நளன் கதை நினைவுக்கு வந்தது. பாரதத்திலே சூதாடி அழிந்த அரசர் இருவர். தருமன் திரௌபதியைப் பணயம் வைத்தான். நளனோ, தமயந்தியை வைத்து ஆடுவாயா எனப் புட்கரன் ஏளனமாய்க் கேட்டபோது வைக்கவில்லை. நாட்டை விட்டு அவளுடன் வெளியேறினான். அதற்காக அவனை மெச்சுகிறோம். ஆனால் அக்கதை அங்கே முடியவில்லை. ஓராடையை இருவரும் உடுத்துக் காட்டில் கிடந்த இரவில், உறங்கும் மனைவியைத் தனியே விட்டு நளன் போய்விட்டான். பணயம் வைக்காதவனும் இறுதியில் அவளை இழந்தான். சூது மேசையில் வைக்கப்படாத பொருள்களும் தோற்கப்படுகின்றன.

அவன் மீண்ட வழியும் கருதத்தக்கது. இருதுபன்னன் என்னும் அரசனுக்குத் தேரோட்டியாய் இருந்தபோது, வழியிலே நின்ற தான்றி மரத்தின் இலையும் காயும் இத்தனை என அவ்வரசன் பார்த்த மாத்திரத்தே சொன்னான். நளன் இறங்கி எண்ணிப் பார்த்தான், சரியாக இருந்தது. அந்த எண்ணின் நூலைப் பெற்று, பதிலுக்குத் தன் குதிரை நூலைக் கொடுத்தான். அதன் பின்னரே கலி அவனை விட்டு நீங்கினான். தான்றிக்காயே பண்டு சூதாடு கருவியாய் இருந்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், கதை சொன்னவர் எதனை எதற்கு மருந்தாக வைத்தார் என்பது விளங்கும்.

மூன்றாம் நாள் ஹூவர் அணையைக் காணச் சென்றோம். எங்கள் பயணத்தில் உண்மையிலே கண்ணிறைந்த காட்சி அதுவே. கொலராடோ ஆற்றைக் குறுக்கே மறித்து 1931 தொடக்கம் 1936 வரை கட்டிய அணை. உயரம் 726 அடி. அதன் பின்னே மீட் ஏரி. லாஸ் வேகாஸ் பகுதியில் வாழும் ஏறத்தாழ 23 இலட்சம் மக்களுக்கும், மேற்சொன்ன கோடிக்கணக்கான விருந்தினருக்கும் வேண்டிய நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு இந்த ஏரியிலிருந்து வருகிறது. ஏரியைச் சூழ்ந்த செம்பாறைகளில் நீர் வற்றிய உயரம் வெள்ளைப் பட்டையாகப் படிந்திருந்தது. "கிணத்துக்கட்டிலை மாரித் தண்ணி நிண்ட அடையாளம் மாதிரிக் கிடக்கு" என்றாள் என் மனைவி. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில், சித்திரை வெயிலில் துலாக்கயிறு நீள நீளக் கிணற்றை எட்டிப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த வெள்ளைக் கோட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

2022 யூலையில் அந்நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,040 அடிக்கு இறங்கிற்று. ஏரியை நிரப்பிய காலத்துக்குப் பின் அவ்வளவு தாழ்ந்தது அதுவே முதன்முறை. ஆற்றைப் பங்கிட்டபோது நெவாடாவுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 3 இலட்சம் ஏக்கர் அடி நீர். கலிபோர்னியாவுக்கு 44 இலட்சம். அந்நாளில் அங்கே ஒரு மாநகரம் எழும் என எவரும் எண்ணவில்லை. ஆயினும் இந்தச் சிறு பங்கை அவர்கள் காக்கும் முறை வியக்கத்தக்கது. வீட்டினுள்ளும் விடுதியினுள்ளும் குழாயில் வழிந்தோடும் நீர் ஏறத்தாழ முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் ஏரிக்கே செல்கிறது. அலங்காரத்துக்கு மட்டும் வளர்க்கும் புற்றரையை அகற்றுமாறு 2021இல் சட்டம் இயற்றினர். புல்வெளி எனப் பெயர் தாங்கிய ஊரில் புல்லுக்குத் தடை! முன்னிரவில் நாங்கள் கண்டு வியந்த பெலாஜியோ விடுதியின் நீரூற்றுகூட அந்த ஏரி நீரன்று. முன்னர் அங்கிருந்த கோல்ப் மைதானத்துக்குரிய கிணற்று நீர். இசைக்கேற்ப நீர்த்தாரைகள் வானளாவ எழுந்து ஆடும் அக்காட்சிக்குக் கட்டணமில்லை. கணவனும் மனைவியும் தோளோடு தோள் உரசி நின்று ஒரே பொருளைப் பார்ப்பதை நான் அவ்வூரில் மிகுதியாகக் கண்டது அந்த வேலியோரத்திலேதான்.

மண்டபத்தில் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்கு. ஏரியில் ஒவ்வொரு துளிக்கும் கணக்கு. இத்துணைக் கணக்கு அறிந்த ஊருக்குக் கணக்கை மறந்திருக்கவே வெளியார் செல்கின்றனர் என்பது விந்தை.

அணையிலிருந்து திரும்பும் வழியில் போல்டர் சிற்றி என்னும் சிற்றூர் உள்ளது. அணை கட்டிய தொழிலாளர் வாழ்வதற்கென 1931இல் அமெரிக்க அரசாங்கம் அமைத்தது. கூலிப்பணம் சூதில் கரையும் என அஞ்சிய அரசினர் அங்கே சூதையும் மதுவையும் தடுத்தனர். மதுவுக்கான தடை 1969இல் நீங்கிற்று. சூதுக்கான தடை இன்றும் நிலவுகிறது. நெவாடாவில் அத்தகைய ஊர்கள் இரண்டே. மரநிழல், சிறு கடைகள், வாங்கில் அமர்ந்து கதைக்கும் முதியோர். கடையொன்றின் சுவரில் பெரியதொரு மணிக்கூடு தொங்கியது, மாலை நாலேகால். பையிலிருந்த 11 டொலரில் என் மனைவி இரண்டு ஐஸ்கிறீம் வாங்கினாள். கடைக்காரப் பெண் கொடுத்த மிச்சச் சில்லறையை எண்ணிப் பார்த்து, மறுபடியும் ஒருமுறை எண்ணி, பையில் இட்டு முடிந்துகொண்டாள்.